பெங்களூருப் படைப்பிரிவும் பெயர் பெறாத வீரரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யாம் புலவர் அல்லோம். வரலாற்றுப் பேராசிரியரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேர்வோடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடுகளோடு வாழ்ந்து வருகின்றோம். ஏட்டில் ஒரு பெயர் விடுபட்டால் ஒருவருக்குச் சம்பளம் விடுபடும் என்பது எம் தொழில் எமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்தின் துணைகொண்டே இன்று நும்முன் பேசத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு பள்ளி திறக்கும் வேளையில் எம் இளைய மகனுக்குக் காலணி வாங்க பிரிகேட் சாலைக்குச் சென்றிருந்தோம். அச்சாலை ரெசிடென்சி சாலையோடு கூடும் முனையில் ஒரு கல் தூண் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அப்பா, இது யாருக்கு வைத்த கல்?" என்று பையன் கேட்டான். நாற்பது ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்கின்றோம். அவ்வழியே நூறு முறை போயிருப்போம். ஆயினும் விடை சொல்ல எம்மால் இயலவில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு விசாரித்து அறிந்தோம். முதல் உலகப் போரில் உயிர்நீத்த மதராஸ் பயனியர் படையினரின் நினைவுக்காக எழுப்பிய தூண் அது. அறிந்தபோது வெட்கம் இருமடங்காயிற்று. ஏனெனில் எம் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார் அப்படையிலே சேவகம் செய்து, திரும்பி வாராதவர்.

அவரைப் பற்றி எம் வீட்டில் எஞ்சியிருந்தது ஒரு வெண்கல வட்டு. உள்ளங்கையினும் சற்றுப் பெரியது; பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டம். ஒரு மாதும் ஒரு சிங்கமும் அதில் உருவமாய் இருக்கும். ஓரத்தில் ஆங்கில எழுத்து ஓடும். எம் பாட்டியார் அதனை ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தார். சிறுவராய் இருந்தபோது யாம் அதைத் தெருவில் உருட்டி விளையாடி அடியும் வாங்கியிருக்கின்றோம். "அது ஆப்பிரிக்காச் சீமைக்குப் போனவருடையது" என்று மட்டும் பாட்டியார் சொல்வார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. இதோ, அவ்வட்டைக் கையில் கொண்டுவந்திருக்கின்றோம். கூட்டம் முடிந்தபின் யாவரும் பார்க்கலாம்.

ஊரின் பெயரே ஒரு நடுகல்லில்

போரில் மாய்ந்தவனுக்குக் கல் நடுதல் நம் முன்னோர் மரபு. தொல்காப்பியம் அதற்கு ஆறு துறைகள் வகுத்தது: கல்லைத் தேடிக் காணல், அதனைக் கொணர்தல், நீராட்டல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன. அக்கல்லில் மாய்ந்தவனின் பெயரையும் அவன் செய்த அருஞ்செயலையும் பொறித்தனர். பெயர் இல்லாத கல் வெறுங்கல்லே என்பது அவர்தம் கருத்து. மாய்ந்தவன் வேந்தனாய் இருக்க வேண்டுவதில்லை. ஊர் மாட்டை மீட்கப் போன மறவனுக்கும் கல் உண்டு.

இம்மரபு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் இக்கருநாடக நாடு வீரக்கற்கள் நிறைந்த நாடு. பெங்களூரு என்னும் பெயர் எழுத்தில் மிகப் பழமையாகக் காணப்படுவது எங்கே தெரியுமா? இவ்வூரின் தென்புறத்தில், பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள கன்னடக் கல்வெட்டிலே. காலம் ஏறத்தாழ 890. கங்கர் ஆட்சியில் நாகத்தரன் என்னும் தலைவனின் வீட்டைச் சேர்ந்த ஒருவன் பெங்களூருப் போரில் இறந்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அந்த நாகத்தரனே பின்னொரு போரில் மாய்ந்த காட்சியைச் செதுக்கிய அழகிய வீரக்கல்லைக் கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் காணலாம்.

அன்பர்களே, சிறிது எண்ணிப் பாருங்கள். ஒரு பெருந்தலைவனை மட்டுமன்றி, அவன் வீட்டில் வாழ்ந்த ஒருவனையும் மறவாமல் பெயர் சொல்லிக் கல்லில் எழுதினர். அதனாலன்றோ இம்மாநகரின் பெயரும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று நமக்குத் தெரிய வந்தது! மாய்ந்தவனுக்குச் செய்த மரியாதை ஊருக்கே புகழாய்த் திரும்பியது. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு 1914-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

1914-இல் புறப்பட்ட படை

1809-இல் ஆங்கிலேயர் இவ்வூரில் தண்டு அமைத்தனர். பட்டாளத்தோடு வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று சிப்பாய்களும், கொத்தரும், சலவைத் தொழிலாளரும், தானிய வணிகரும் வந்தனர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுள் பல அவ்வாறு வந்தவர்களின் வழியினர். பட்டாளம் நம்மை இவ்வூருக்குக் கொணர்ந்தது. பட்டாளம் நம்மவருள் சிலரை இவ்வூரினின்று கொண்டும் போயிற்று.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அக்காலத்தில் ஜெர்மானியர்க்கு உரியதாயிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாக்குதற்கு இந்தியாவிலிருந்து ஒரு படை அனுப்பப்பட்டது. அந்நாடு இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி. அப்படையில் 27-ஆவது பெங்களூருப் படைப்பிரிவு என்று நம் ஊரின் பெயர் தாங்கிய பிரிவு இருந்தது. அதில் நான்கு பட்டாளங்கள்: இவ்வூரிலேயே தங்கியிருந்த லாயல் நார்த் லங்காஷயர் என்னும் ஆங்கிலப் பட்டாளம், 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 98-ஆவது காலாட்படை, 101-ஆவது கிரனேடியர்கள். இவற்றோடு 61-ஆவது பயனியர் படையும் தனியே சேர்க்கப்பட்டிருந்தது. காஷ்மீர், குவாலியர் சமஸ்தானப் படைகளும் 13-ஆவது ராஜபுத்திரரும் மற்றொரு பிரிவாக உடன் சென்றனர். மொத்தம் ஏறத்தாழ 8,000 பேர். தலைவர் ஜெனரல் ஐட்கென்.

பாளையங்கோட்டைப் படையிலும் பயனியர் படையிலும் இருந்தோர் தமிழரும், சென்னை மாகாணத்து முஸ்லிம்களும், ஆதிதிராவிடரும், கிறிஸ்தவரும் ஆவர். பயனியர் என்பவர் துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் சுமப்பவர். வழி வெட்டுவதும் அவர் வேலை, வேண்டியபோது போர் செய்வதும் அவர் வேலை. இந்த 61-ஆவது படையின் வேர் 1758-இல் சென்னையில் தோன்றியது. மதராஸ் காலாட்படைகளில் முதல் எண் பெற்றது அதுவே.

1914 அக்டோபர் 16-ஆம் நாள் கப்பல்கள் பம்பாயினின்று புறப்பட்டன. கடலையே காணாத சிப்பாய்கள் நெருக்கமான கப்பலில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். பட்டாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பயிற்சி செய்ததில்லை. சிலவற்றுக்குப் புதிய வகைத் துப்பாக்கி கொடுத்ததே கப்பலேறுமுன்புதான். அதனைக் கையாளப் பழகுதற்கு நாள் இல்லை. இந்நிலையில் அவர்களைப் பகைவர் கரையில் இறக்குதல் தகுமா என்று கேட்டவர் சொல் ஏறவில்லை.

டாங்காவில் நடந்தது

டாங்கா என்பது அக்கரையில் ஒரு சிறு துறைமுகம். அதற்கு ஓர் இருப்புப் பாதை உண்டு. நாம் ரயில்வேக்காரர் ஆதலின் இதனைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். உசம்பாரா ரயில்வே என்னும் அப்பாதை டாங்காவில் தொடங்கி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் மேற்கே சென்று, கிளிமஞ்சாரோ மலையடியில் உள்ள மோஷியில் முடிந்தது. மீட்டர் கேஜ் பாதை; தொண்ணூறுகள் வரை நம் பெங்களூரு-மைசூர் வண்டி ஓடிய அதே அகலம். ஜெர்மானியத் தளபதி லெட்டோ போர்பெக்கின் படையிற் பெரும்பகுதி மோஷிப் பக்கத்தில் இருந்தது; டாங்காவில் இருந்தோர் மிகச் சிலரே.

நவம்பர் 2-ஆம் நாள் காலையில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வந்து, ஊரை ஒப்படைக்குமாறு கேட்டது. விடைக்காகச் சில மணி நேரம் காத்திருந்தது. வருகின்றோம் என்று பகைவனுக்குச் சொல்லிவிட்டுப் போனதற்கு இது ஒப்பாகும். அதற்குள் மோஷிக்குத் தந்தி போயிற்று. அங்கிருந்து வண்டிக்குப் பின் வண்டியாகப் படை டாங்காவுக்கு வந்திறங்கியது. ஒற்றைப் பாதையில், சிறு எஞ்சின்களைக் கொண்டு, இரவும் பகலும் அவ்வண்டிகளை ஓட்டினர். ஒரு போரின் முடிவைப் பீரங்கியைக் காட்டிலும் வண்டிகளின் நேர அட்டவணையே தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது.

நவம்பர் 2 இரவில் இருளில் முதலில் கரையிறங்கியோர் ராஜபுத்திரரும் நம் 61-ஆவது பயனியரும் ஆவர். உறக்கமின்றி, வழி தெரியாமல், புதருக்குள் நடந்து 3-ஆம் நாள் விடியலில் ஊரைத் தாக்கினர். எதிரே மறைவிடத்தில் இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. முன்னே சென்ற அதிகாரிகள் வரிசையாக வீழ்ந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் மடிந்தும் புண்பட்டும் போக, எஞ்சியோர் கடற்கரைக்குத் தள்ளப்பட்டனர்.

4-ஆம் நாள் நண்பகலுக்குப்பின் முழுப்படையும் முன்னேறியது. சோளக் கொல்லையும் ரப்பர்த் தோட்டமும் புதருமாய் இருந்த அந்நிலத்தில் பக்கத்துப் பட்டாளம் எங்கே என்பதே தெரியாது. லங்காஷயர் வீரரும் காஷ்மீர் வீரரும் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டனர். பாளையங்கோட்டைப் படை இயந்திரத் துப்பாக்கியின் முன் நிற்கமாட்டாமல் சிதறியது. 98-ஆவது படையின் மேல், குண்டுபட்டுக் கலைந்த காட்டுத் தேனீக்கள் பாய்ந்தன. இதனால் இப்போருக்குத் 'தேனீப் போர்' என்ற பெயரும் உண்டு; சிரிப்பதற்குரிய பெயர்போல் தோன்றும், கொட்டுப்பட்டவர்க்கு அன்று சிரிப்பில்லை. மாலையில் படை பின்வாங்கியது. 5-ஆம் நாள் கப்பலேறியது. இயந்திரத் துப்பாக்கிகளும், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும், ஆறு லட்சம் தோட்டாக்களும் கரையிலே விடப்பட்டன. பாதுகாத்து நின்றவரோ ஏறத்தாழ 1,000 பேர்தாம். தாக்கியவருள் எண்ணூறுக்கு மேற்பட்டோர் மடிந்தும் புண்பட்டும் காணாமலும் போயினர். அவருள் மடிந்தோர் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேல்.

பழி யார்மேல்?

தோல்வி வந்தால் பழியை ஏற்க ஒருவர் வேண்டும். இந்தியச் சிப்பாய்கள் ஓடினர், மதராஸிகள் போருக்கு உதவார் என்று பேச்சு எழுந்தது. யாம் இங்கே பொய் சொல்ல வரவில்லை. சிலர் ஓடியது உண்மை. பாளையங்கோட்டைப் படை சிதறியது உண்மை. நம்மவர் என்பதற்காக அதனை மறைத்தல் முறையன்று. ஆனால் அவர்களைப் பயிற்சியின்றி அனுப்பியது யார்? பகைவனுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தது யார்? நிலத்தை ஒற்றறியாமல் முன்னேறச் சொன்னது யார்? இக்கேள்விகளுக்கு விடை சிப்பாயின் வரிசையில் இல்லை.

அக்காலப் பட்டாள அமைப்பையும் நாம் அறிய வேண்டும். ஒரு பட்டாளத்தில் எழுநூறு பேருக்கு மேல் சிப்பாய்கள் இருந்தால், ஆங்கில அதிகாரிகள் பன்னிரண்டு பதின்மூன்று பேர். சுபேதார், ஜமேதார் என்னும் இந்திய அதிகாரிகள் பதினாறு பதினேழு பேர். கட்டளையெல்லாம் அந்த ஆங்கில அதிகாரிகளின் வாயினின்றே வரும். அவர்கள் முன்னே நின்று வழி நடத்தினர். ஆகையால் முதலில் வீழ்ந்தனர். அவருள் பலர் இருபது, இருபத்தைந்து வயதினர். தம் சிப்பாய்களின் தமிழை முயன்று கற்றவரும் உண்டு. அவர்கள் உயிரும் உயிர்தான். அவர்களுக்கும் காத்திருந்த தாய் உண்டு. மடிந்தவர் அயல் நாட்டார் என்பதற்காக அவர் நினைவைக் குறைத்துப் பேச யாம் விரும்பவில்லை.

டாங்காவோடு பயனியர் கதை முடியவில்லை. அதே 61-ஆவது படை பின்னர் அக்கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் ஆண்டுக்கணக்கில் தொண்டாற்றியது. காட்டில் வழி வெட்டிற்று. மலேரியாவையும் பேதியையும் தாங்கிற்று. அப்போரில் குண்டினால் மடிந்தோரினும் காய்ச்சலால் மடிந்தோர் மிகப் பலர். டாங்காவில் தோற்பித்த அவ்விருப்புப் பாதையை எதிர்கொள்ள, வோயி என்னும் நிலையத்திலிருந்து மேற்கு நோக்கி ஆங்கிலேயரும் ஒரு மீட்டர் கேஜ் பாதையை இட்டனர். அதில் இந்திய ரயில்வேப் படைக் கம்பெனிகள் உழைத்தன. எம் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார் டாங்காவில் மடிந்தாரா, காட்டில் காய்ச்சலில் மடிந்தாரா என்பதை இன்றளவும் எம்மால் அறிய முடியவில்லை.

பெயரும் எண்ணும்

1917-இல் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. அதன் கொள்கை உயர்ந்த கொள்கை: ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே வடிவக் கல், ஒவ்வொருவர் பெயரும் எங்கேனும் ஓரிடத்தில் பொறிக்கப்பட வேண்டும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இதனைப் பெரும்பாலும் நிறைவேற்றினர்.

வேல்ஸ் நாட்டை உதாரணமாகக் கொள்வோம். அந்நாட்டின் டெரிடோரியல் பட்டாளங்கள் வாரத்தில் சில மணி நேரம் பயிற்சி பெறும் பகுதிநேரச் சிப்பாய்களால் ஆனவை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், கடைக்காரர், எழுத்தர், ஆசிரியர் என அவற்றில் நம்மைப் போன்றோரே இருந்தனர். அவர்களுடைய 53-ஆவது டிவிஷன் 1915 ஆகஸ்டில் கலிப்போலியின் சுவ்லாக் கரையில் இறங்கியது. 1917 மார்ச் 26-இல் காஸாவில் பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. 1918-இல் அதன் பட்டாளங்களுள் பல பிரான்சுக்கு அனுப்பப்பட்டன. சில, இழப்பு மிகுதியால் இரண்டை ஒன்றாகச் சேர்க்கும் நிலைக்கு வந்தன. காலியான இடத்தை நிரப்பியோர் இந்தியப் பட்டாளத்தார். வேல்ஸ்காரனும் இந்தியனும் ஒரே பிரிவில் ஒரே பாலைவனத்தில் நின்றனர். இன்று வேல்ஸ் நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நாற்சந்தியில் ஒரு கல் உண்டு. அதில் அதிகாரியின் பெயரும் உண்டு, சுரங்கத் தொழிலாளியின் பெயரும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பரில் அவற்றை வாய்விட்டு வாசிக்கின்றனர்.

நம்மவர்க்கு என்ன நேர்ந்தது? ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவகத்தில் ஆங்கிலேயர்க்குப் பெயர் எழுதினர்; இந்திய அதிகாரிகளுக்கும் எழுதினர்; இந்தியச் சிப்பாய்களைப் படைவாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறித்தனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகளின் நிலை நம்மினும் இரங்கத்தக்கது. பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் ஆகிய மூன்று நகரங்களில் வெண்கல உருவங்கள் நிற்கின்றன, ஆயினும் அவற்றில் ஆட்பெயர் இல்லை. தார் எஸ் சலாமில் 'கரியாகூ' என்று ஒரு சந்தை உண்டு. 'கேரியர் கோர்' என்னும் சுமைதூக்கிப் படையின் பெயர் திரிந்ததே அது. மடிந்தவரின் பெயர் போய், அவர் செய்த வேலையின் பெயர் மட்டும் ஒரு சந்தைக்கு எஞ்சியது.

முதல் உலகப் போரில் இந்தியர் எழுபதினாயிரத்துக்கு மேல் மடிந்தனர். 1931-இல் திறக்கப்பெற்ற தில்லி இந்தியா வாயிலில் உள்ள பெயர்கள் பதின்மூவாயிரத்துச் சொச்சம். 2021-இல் அக்கல்லறை ஆணையம் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நாற்பத்தையாயிரம் முதல் ஐம்பத்து நாலாயிரம் பேர் வரை மற்றவர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருகால் 3,50,000 பேர் வரை, பெயராலோ முற்றிலுமோ விடுபட்டனர் என்றும் அது ஒப்புக்கொண்டது. அவருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் இந்தியரும் எகிப்தியரும் ஆவர். நூறு ஆண்டு கழித்தேனும் பேரேட்டில் பிழை கண்டு ஒப்புக்கொண்டதை, ஓர் எழுத்தன் என்ற முறையில் யாம் மதிக்கின்றோம்.

இனி எம் கையிலுள்ள இவ்வட்டைப் பாருங்கள். போரில் மடிந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் இத்தகைய வட்டு அனுப்பப்பட்டது. இதில் பெயர் மட்டும் உண்டு, பதவி இல்லை. தியாகத்தில் உயர்வு தாழ்வு கூடாது என்பதற்காக அவ்வாறு வார்த்தனராம். கர்னலுக்கும் இதே வட்டு. எம் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார்க்கும் இதே வட்டு. சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இவர் மாய்ந்தார் என்பது ஓரத்தில் ஓடும் எழுத்தின் பொருள். யாருடைய சுதந்திரம் என்று அந்நாளில் கேட்பார் இல்லை. கேட்டாலும் விடை சொல்வார் இல்லை. ஆயினும் அயல்நாட்டுக் கல்லில் எண்ணாகிப் போன ஒரு தமிழரின் பெயர் இவ்வெண்கலத்தில் தப்பியது. ஊறுகாய்ச் சாடியின்மேல் இருந்தாலும் தப்பியது! பாட்டியார் அதனைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தாரே, அதுவே அவர் நட்ட நடுகல்.

கலைந்ததும் மீண்டதும்

போருக்குப்பின் தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்னும் தவறான கொள்கையும், செலவைக் குறைக்கும் எண்ணமும் ஒன்று சேர்ந்தன. மதராஸ் காலாட்படையின் நிலையான பட்டாளங்கள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டன. 1933-இல் பயனியர் படையும் கலைக்கப்பட்டது. அப்போது விதைநெல்லைப்போல் எஞ்சியவை டெரிடோரியல் பட்டாளங்கள். வேல்ஸ் நாட்டைப் போன்றே, அலுவலக எழுத்தரும் உழவரும் ஆண்டில் சில வாரம் பயிற்சி பெறும் பகுதிநேரப் பட்டாளங்கள் அவை. இரண்டாம் உலகப் போரில் ஆள் வேண்டியபோது, 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அவற்றையே அடிப்படையாகக் கொண்டு மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது. உதவார் என்று ஒதுக்கியவரே திரும்பவும் அழைத்தனர்.

கலைக்கப்படாமல் நின்ற படை ஒன்றும் உண்டு. அது நம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ். 1780-இல் சென்னையில் தோன்றி, 1834-இல் பெங்களூருக்கு வந்தது. பட்டாளத்தார் யாவரும் அதன் வீரரைத் 'தம்பி' என்றே அழைப்பர். எந்த ஊர்க்காரன் ஆனாலும் அவ்வழைப்பு நம் தமிழ்ச் சொல்லால்தான். முள்வேலியைத் தகர்க்கும் நீண்ட குழாய் வெடியொன்று 1912-இல் இவர்களிடையே உருவாயிற்று. அது உலகெங்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர் பெற்றது. ஒரு வெடிக்குழாய்க்கு நம் ஊரின் பெயர் நிலைத்துவிட்டது!

சுபேதார் சுப்பிரமணியன்

அப்படையின் 11-ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியில் சுபேதாராக இருந்தவர் சுப்பிரமணியன். செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழோட்டிவாக்கம் அவர் ஊர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலியில் மின்யானோ என்னும் இடத்துக்கு அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். குழுவினருள் ஒருவர் கால் ஒரு வெடியில் பட்டது. அவ்வகை வெடி மிகக் கொடியது. மிதித்தவுடன் வெடிக்காது, சில விநாடி தாமதித்து, நிலத்தினின்று இடுப்பளவு எழும்பி, நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளை நாற்புறமும் வீசும். அத்தொழிலில் பழகிய அவருக்கு இது தெரியும். தம்மைக் காத்துக்கொள்ளத் தரையில் விழுந்து படுத்திருக்கலாம். அவரோ அவ்வெடியின்மேல் தம் உடலை வீழ்த்தினார். உடன் இருந்தவர் பிழைத்தனர்; அவர் மாண்டார். அவர்க்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

டாங்காவில் மதராஸிகள் உதவார் என்று சொன்னவர்க்கு முப்பது ஆண்டுகளுக்குப்பின் வந்த மறுமொழி இது என்று கூற எமக்கு ஆசை. ஆனால் சுபேதார் யாருக்கும் மறுமொழி சொல்வதற்காக அதைச் செய்யவில்லை; பக்கத்தில் நின்றவர் பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார். ஆகையால் அந்த ஆசையை அடக்கிக்கொள்கின்றோம்.

இரண்டாம் உலகப் போரில் முந்தைய தவறு பெருமளவு திருந்தியது. பர்மாவில் ரங்கூன் அருகே உள்ள நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உள்ளன. சிப்பாயும் பெயரோடு இருக்கிறான். விடுதலைக்குப் பின்னோ, நம் பெங்களூரில் கோளரங்கத்துக்கு எதிரே அமைந்த இராணுவ நினைவுப் பூங்காவிலும், 2019-இல் தில்லியில் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்திலும் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கருங்கல், ஒரே அளவு எழுத்து. பேகூர்க் கல்வெட்டின் மரபு மீண்டது என்றே யாம் கொள்கின்றோம்.

நாம் செய்யத் தக்கது

ஆயினும் இடைப்பட்ட காலத்தவர் விடுபட்டனர். கல்லறை ஆணையத்தின் பட்டியலை இப்போது கணினியில் யாவரும் பார்க்கலாம். எம் மூத்த மகள் அதில் தேடினாள். எம் முன்னோரின் பெயரில் மூவர் இருக்கின்றனர். ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் உருத் தெரியாமல் சிதைந்திருக்கிறது. தந்தை பெயர் ஒருவருக்கே உண்டு. எம் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை பெயரை வீட்டில் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் பாட்டியார்; அவர் மறைந்து ஒன்பது ஆண்டாயிற்று. அவர் இருக்கும்போது ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்கவில்லை. மூவருள் எம்மவர் யார் என்பது இனி எமக்குத் தெரியப் போவதில்லை. மூவரையும் எம்மவராகவே கொண்டோம்.

இந்தக் குறை உங்களுக்கு நேர வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் பேசினோம். நம் குடியிருப்பில் இருநூறு வீடுகள் உள்ளன. இவற்றுள் எத்தனை வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கமோ, பென்ஷன் காகிதமோ, பட்டாளத்துப் படமோ உறங்குகின்றன என்று யாரும் அறியோம். இருக்கும் முதியவரை இன்றே கேளுங்கள். பெயர், தந்தை பெயர், ஊர், படையின் பெயர் இந்நான்கும் போதும். சங்க நூலகத்தில் ஒரு பேரேடு வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார். போரிலிருந்து திரும்பி வந்தவரையும் அதில் எழுதலாம், வாராதவரையும் எழுதலாம். அதிகாரி, சிப்பாய், சமையற்காரர், சலவைக்காரர், கழுதை ஓட்டியவர் என்ற வேறுபாடு வேண்டாம். எழுதும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம். அதுவே எமக்குத் தெரிந்த தொழில்.

எம் முன்னோரின் பெயரை இம்மேடையில் வாய்விட்டுச் சொன்னோம். அப்பேரேட்டின் முதல் வரியிலும் எழுதிவிட்டோம். இம்மலரில் அதனைத் தனியே அச்சிட மனம் வரவில்லை. மற்றவர் பெயர்களும் சேரட்டும். அடுத்த ஆண்டு மலரில் எல்லாப் பெயர்களையும் ஒருங்கே அச்சிடுவோம்.

பிரிகேட் சாலைக்குச் செல்லும்போது, குழந்தைகள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தூணின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். யாருக்கு வைத்த கல் என்று அவர்கள் கேட்டால், இனி உங்களுக்கு விடை தெரியும்.